சீட்டில் எழுதிய ஊர்

காலாப்பட்டில் சிலந்தி பிடிக்கப் புறப்படுகிறவருக்கு முதலில் வேண்டியது ஒரு பழைய குடை. முந்திரிக் கிளைக்குக் கீழே அதைத் தலைகீழாக விரித்துப் பிடித்துக்கொண்டு, கழியால் கிளையை நாலு தட்டுத் தட்டினால் மேலே இருப்பதெல்லாம் குடைக்குள் விழும். சருகு, எறும்பு, கம்பளிப்பூச்சி, நடுவே கால்களை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும் நாலைந்து சிலந்திகள். மற்றச் சாமான்களும் பெரிய விலை இல்லை. ஒரு சல்லடை, ஒரு வெள்ளைத் தட்டு, வாயால் உறிஞ்ச ரப்பர் குழாய் பொருத்திய குப்பி, எரிசாராயம் ஊற்றிய சின்னச் சின்னக் குப்பிகள், ஒரு பென்சில், விரல் நீளத்துக்கு வெட்டிவைத்த காகிதச் சீட்டுகள்.

மூட்டையில் விலை மலிந்தது அந்தச் சீட்டுதான். ஊர், இடம், தேதி, பிடித்தவர் பெயர் என்று நாலு சங்கதி அதில் எழுத வேண்டும். சாதாரணப் பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். பென்சில் எழுத்து நூறு வருஷம் நிற்கும். சீட்டு இல்லாத சிலந்தியை எந்த அருங்காட்சியகமும் மதிப்பதில்லை. அது வெறும் செத்த பூச்சி. சோழமண்டலக் கரையில் சிலந்தி சேகரித்த கதை இருநூறு ஆண்டுக்கு மேல் நீளம். அதைச் சொல்வதென்றால் சிலந்தியைவிடச் சீட்டைப் பின்தொடர்ந்து போவதே சரி.

காலாப்பட்டு இதற்கு வாகான ஊர். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் வரும். 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் எண்ணூறு ஏக்கர் அளவில் பரந்து கிடப்பதால் வெளியூர்க்காரர்களுக்கு அதுவே ஊரின் அடையாளம். கடல் பக்கம் மீனவர் குப்பங்கள், மணல்மேடு, சவுக்கு. மேற்கே போகப் போக நிலம் மெல்ல ஏறிச் செம்மண் ஆகிறது. மழைநீர் அறுத்த ஓடைகள் அதை ஆழமாகப் பிளந்திருக்கின்றன. முந்திரித் தோப்பு, பனை, அதற்கப்பால் ஏரிப் பாசனத்து நெல்வயல். வடக்கே சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலும் அதைச் சுற்றிய காடும். விடியலில் புறப்பட்டு இருட்டுவதற்குள் ஐந்தாறு வகை நிலத்தைப் பார்த்துவிடலாம். நிலம் மாறினால் சிலந்தியும் மாறும். மணலில் வாழ்வது தோப்பில் கிடைக்காது, தோப்பில் கிடைப்பது வயலுக்கு வராது.

மாதமும் பார்த்துப் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கி டிசம்பர் வரை அடித்து ஓய்ந்த பிறகு, பூச்சிகள் பெருத்த சமயத்தில், சிலந்திகளும் வளர்ந்து நிற்கும். பொங்கலையொட்டிய வாரங்கள் நல்ல பருவம். வேடிக்கை என்னவென்றால், அதே வாரங்களில்தான் போகிக்காக வீடுதோறும் ஒட்டடை அடித்து முடிக்கிறார்கள்.

காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் தொடங்கலாம். அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் பிடித்து நிறுத்திய மணலில் வெயில் ஏறுவதற்கு முன் ஓடித் திரிவது ஓநாய்ச் சிலந்திகள். வலை கட்டாது, துரத்திப் பிடிக்கும் சாதி. கொஞ்சம் உள்ளே வந்தால் கற்றாழை வேலிகளில் பனி கோத்த வட்ட வலைகள். நடுவில் வெள்ளைப் பட்டால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து உட்கார்ந்திருக்கும் மஞ்சள் பட்டைச் சிலந்தி, ஆர்கியோப்பே அனசூயா. 1887-இல் ஸ்வீடன் நாட்டு தோரெல் வைத்த பெயர். சகுந்தலையின் தோழியை அவர் எதற்காக வேலிக்குக் கொண்டுவந்தார் என்று எண்ணிக்கொண்டே அடுத்த வலைக்குப் போகலாம். அந்தப் பெருக்கல் குறி எதற்கு என்பதிலும் இன்றுவரை சண்டை தீரவில்லை. பூச்சியை இழுக்க என்கிறது ஒரு கட்சி, பறவை மோதாமலிருக்க என்கிறது இன்னொரு கட்சி.

தமிழருக்கு வலை கட்டும் சிலந்தியோடு பழைய உறவு உண்டு. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் லிங்கத்தின்மேல் சருகு உதிராமல் சிலந்தி பந்தல் கட்டியதும், அதை அழுக்கென்று யானை நாள்தோறும் கலைத்ததும், இரண்டும் மோதி மாண்டதும் ஊரறிந்த கதை. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளினான் என்பார்கள். அறுபத்து மூவரில் ஒருவர் போன பிறவியில் சிலந்தி. காளத்தியின் முழுப் பெயரிலும் சிலந்தி ஒரு பங்கு. இவ்வளவு மரியாதை கொடுத்த மொழியில் நூலாம்படை, ஒட்டடை, சிலந்திவலை என்று வலைக்கு மூன்று சொல் இருக்கிறது. கட்டுகிற பூச்சிகளுக்கோ சிலந்தி, எட்டுக்கால் பூச்சி என்று பொதுப்பெயர் தாண்டி அதிகம் இல்லை. வகை பிரித்துப் பெயர் வைக்கும் வேலை கப்பலில் வந்தவர்கள் கைக்குப் போனது.

அது தொடங்கியது தரங்கம்பாடியில். டேனிஷ்காரர்களின் அந்தச் சின்னக் கோட்டையூருக்கு 1768-இல் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் வந்து சேர்ந்தார். லின்னேயஸின் மாணவர், மருத்துவர், தாவரப் பைத்தியம். பின்னால் டால்டோர்ஃப் என்ற படை அதிகாரி வந்தார். 1791-இல் ஒரு மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுதி ஐரோப்பாவைத் திகைக்க வைத்தவர் இவர்தான். அந்த மீனுக்குப் பனையேறிக் கெண்டை என்று தமிழில் பெயரே இருந்தது என்பதை நினைத்தால் திகைப்பு கொஞ்சம் குறையும். டால்டோர்ஃப் அனுப்பிய பூச்சிகளில் பல, லின்னேயஸின் மற்றொரு மாணவரான ஃபாப்ரீஷியஸ் கைக்குச் சேர்ந்தன. பூச்சியியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஃபாப்ரீஷியஸ் சிலந்திகளையும் விடவில்லை. நம் காடுகளில் பெண் ஒரு சாண் அகலத்துக்குக் கால் விரித்துத் தொங்கும் பெரிய மரச்சிலந்திக்கு 1793-இலும், தென்னிந்திய வேலிகளில் முள் நீட்டிய தட்டை உடம்போடு ஆடும் முட்சிலந்திக்கு 1798-இலும் அவர் வைத்த பெயர்களே இன்றும் நிற்கின்றன. அந்தக் காலத்துச் சீட்டுகளோ ‘கிழக்கிந்தியா’ என்ற அளவில் நின்றுவிடும். தரங்கம்பாடியும் சுமத்ராவும் அதற்குள் அடக்கம்.

முந்திரித் தோப்புக்கு வந்தால் குடைக்கு வேலை. முந்திரி இலைகளை ஒட்டித் தைத்து முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும் மரத்தில் கை வைக்கிறவர் கடி வாங்காமல் திரும்ப மாட்டார். ஆனால் குடையில் விழுந்த செந்நிற எறும்புகளில் ஒன்று நூல் விட்டுக் கீழே இறங்கினால் உற்றுப் பார்க்க வேண்டும். எறும்பு நூல் விடாது. முன்கால் இரண்டை உணர்கொம்புபோல் ஆட்டிக்கொண்டு, இடுப்பைச் சிறுத்துக்கொண்டு, எறும்புக் கூட்டத்துக்கு நடுவே எறும்பாகவே நடக்கும் தாவும் சிலந்தி அது. 1869-இல் பிக்கார்ட் கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலப் பாதிரியார் விவரித்தது. ஆண் சிலந்திக்குத் தாடைகள் நீண்டு முன்னால் துருத்தியிருக்கும். பார்த்தால் ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். அதே மரத்தில் அதே முசுறு வேஷத்தில் ஒரு நண்டுச் சிலந்தியும் உண்டு. முதலாவது பயந்து வேஷம் போடுவது, இரண்டாவது எறும்பைத் தின்ன வேஷம் போடுவது.

பிரெஞ்சுப் புதுச்சேரி சீட்டில் ஏறியது இருபதாம் நூற்றாண்டின் வாசலில். மோரிஸ் மாந்த்ரோன் என்பவர் 1901 மே முதல் நவம்பர் வரை தென்னிந்தியாவில் சுற்றினார். ஆள் விசித்திரக் கலவை. சரித்திர நாவல்கள் எழுதியவர், பழைய வாள் கேடயங்களில் நிபுணர், கவிஞர் எரேதியாவின் மருமகன், இருபது வயதிலேயே நியூகினி வரை போய்ப் பூச்சி பிடித்தவர். புதுச்சேரியிலும் செஞ்சி மலையிலும் அலைந்தார். ஊர் திரும்பி அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். அதைவிடப் பெரிய சுமை அவர் கொண்டுபோன குப்பிகள். வண்டு ஒரு நிபுணருக்கு, குளவி இன்னொருவருக்கு என்று பாரிஸில் பங்கு பிரிந்தது. சிலந்திக் குப்பிகள் எழேன் சிமோனிடம் போயின.

சிமோனைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக முடியாது. 1848-இல் பிறந்த அவர் ‘சிலந்திகளின் இயற்கை வரலாறு’ என்ற நூலின் முதல் பதிப்பை வெளியிட்டது 1864-இல், பதினாறு வயதில். அதையே விரித்து 1892 முதல் 1903 வரை இரண்டு பெரும் தொகுதிகளாக எழுதியது இந்தத் துறையில் இன்னும் புரட்டப்படுகிறது. 1892-இல் இலங்கைக்கு நேரில் வந்து கண்டியிலும் நுவரெலியாவிலும் பிடித்தார். வாழ்நாளில் அவர் பெயர் சூட்டிய சிலந்தி வகைகள் நாலாயிரம் அளவில் இருக்கும். நாளுக்கொன்று என்று வைத்தாலும் பதினோரு வருஷ வேலை. மாந்த்ரோனின் தென்னிந்தியச் சிலந்திகளை அவர் 1905-இலும் 1906-இலும் இரண்டு பாகமாகப் பிரெஞ்சுப் பூச்சியியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அந்தக் குப்பிகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன.

இங்கேதான் சீட்டின் வறுமை தெரிகிறது. ‘புதுச்சேரி’ என்று எழுதினால் போதும் என்று பாரிஸில் நினைத்திருக்கலாம். ஆனால் பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே பாயாக விரித்த நிலமா என்ன? பிரிட்டிஷாரின் தென்னார்க்காட்டு மாவட்டத்துக்குள் கிழிந்த துணியாகச் சிதறிய துண்டுகள் அது. காலாப்பட்டு அப்படியொரு துண்டு. இன்றும் கடல் போக மூன்று பக்கமும் தமிழ்நாட்டு ஊர்கள் சூழ்ந்திருக்க, உழவர்கரை நகராட்சியின் ஒரு பகுதியாக இருக்கிறது. அந்த நாளில் இங்கே ஒரு வேலியைத் தாண்டினால் கொடி மாறும், சுங்கச் சட்டம் மாறும், சாராய விலை மாறும். வேலிமேல் இருந்த சிலந்திக்குத் தெரிந்ததெல்லாம் வேலி. கவர்னர் மாளிகைத் தோட்டத்துச் சிலந்திக்கும் செம்மண் ஓடைச் சிலந்திக்கும் ஒரே ஊர்ப்பெயர் எழுதினால், ஒரு நிலத்தின் கதை அதோடு அழிந்துவிடுகிறது. நவம்பரில் கப்பல் ஏறியதால் மழைக்குப் பின்னே வரும் நல்ல பருவத்தையும் மாந்த்ரோன் தவறவிட்டார் என்பது கூடுதல் வருத்தம்.

சிமோன் பாரிஸில் செத்த சிலந்திகளின் உறுப்புகளை லென்ஸில் அளந்துகொண்டிருந்த அதே 1905-இல், வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் வெளியீடு ஒன்றில் எட்டுப் பக்கக் கட்டுரை வந்தது. ஒரு கூட்டுச் சிலந்தியின் பழக்கங்களும் வாழ்க்கை வரலாறும் என்பது பொருள். எழுதியவர் என். எஸ். ஜம்புநாதன். பெயரே பாதி விலாசம் சொல்லிவிடும். (அதுவும் திருவானைக்கா சுவாமியின் பெயர், சிலந்திக்கு இதைவிடப் பொருத்தமானவர் கிடைப்பாரா?)

அவர் எடுத்துக்கொண்ட ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம் நம் முள்வேலிகளின் குடித்தனக்காரர். இலந்தை, வேலிக்கருவை, உண்ணிச்செடி என்று முள்ளும் கிளையும் நெருங்கிய இடத்தில் காய்ந்த இலைகளைப் பட்டால் கோத்து அழுக்குப் பஞ்சு மூட்டைபோல் ஒரு கூடு. அதிலிருந்து நாலு பக்கமும் இழுத்த சாம்பல் நிற வலை. உள்ளே பத்திலிருந்து சில நூறு வரை சிலந்திகள் ஒன்றாக வாழும். பசை இல்லாத வலை அது. சிலந்தி பின்காலால் சீவி எடுத்த பட்டின் நுண்ணிய இழைகளே பூச்சியின் காலைப் பிடித்துக்கொள்ளும். வெட்டுக்கிளி மாட்டினால் பத்துப் பேர் சேர்ந்து ஓடிவந்து, ஆளுக்கொரு கால் பிடித்து இழுத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். கூட்டத்தில் பெண்களே மிகுதி. குஞ்சு பொரித்ததும் தாய்மார் தின்றதைக் கக்கி ஊட்டுவார்கள், கடைசியில் குஞ்சுகள் தாயையே தின்று முடிக்கும். தன் குஞ்சு, பிறர் குஞ்சு என்ற கணக்கும் அதிகம் கிடையாது. சிலந்திகளில் இப்படிக் கூட்டாக வாழ்பவை மிகச் சில. உலக ஆய்வாளர்கள் இன்று விமானம் ஏறிவந்து ஆந்திரத்துக் குப்பம் பக்கம் இதே வகையைப் பார்க்கிறார்கள். குடையோடு போகிறவர் இந்தக் கூட்டைத் தட்டாமல் விட்டு, அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்தால் நல்லது. உயிரோடு பார்த்து எழுதியதால்தான் ஜம்புநாதனின் எட்டுப் பக்கம் நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்தும் மேற்கோள் காட்டப்படுகிறது.

சீட்டு சரியாக இருந்தும் ஆளை ஏமாற்றலாம் என்பதற்குக் கூத்திச் சிலந்தி சாட்சி. 1899-இல் லண்டன் அருங்காட்சியகத்தின் போக்காக் ஒரு மரத்தாவிப் பெருஞ்சிலந்தியை விவரித்தார். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் இந்தியச் சிலந்தி, தேள்களுக்கான முழுத் தொகுதியை எழுதியவரும் அவரே. உடம்பு முழுக்க மின்னும் நீலம். கிடைத்தது ஒன்றே ஒன்று, அன்றைய மதராஸ் ராஜதானியின் கூத்தி ஊரில், ரயில்வே மரக்கிடங்கில். சீட்டில் அப்படியே எழுதியிருந்தது, பொய்யே இல்லை. ஆனால் மரக்கிடங்கு சிலந்தியின் வீடாகுமா? விறகோடு ரயிலில் வந்த பயணி அது. நூறு ஆண்டு யார் கண்ணிலும் படாமல், 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில், கூத்தியிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி மறுபடி கிடைத்தது. இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனங்களில் வைத்திருக்கிறார்கள். அந்த நீலத்துக்காக அதைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்போர் வெளிநாடுகளில் ஏராளம். இந்த இனத்தொகுதி முழுவதையும் 2019-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது.

போக்காக்கின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரிலேயே தங்கி வேலை பார்த்தவர் கிரேவ்லி. 1920 முதல் 1940 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். அதற்கு முன் கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருந்தார். சில்கா ஏரிக்குள் இருக்கும் பர்குடா என்ற சின்னத் தீவின் சிலந்திகளையும் தேள்களையும் தனியாகவே ஒரு கட்டுரையில் எழுதினார். ஒரு தீவு, அதில் எந்த மூலையில் எது என்ற கணக்கு. ஓநாய்ச் சிலந்தி, நீள்தாடைச் சிலந்தி, சுவரில் ஓடும் பெருஞ்சிலந்தி என்று குடும்பம் குடும்பமாக எடுத்து எழுதிக்கொண்டே வந்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளுக்கு ராமச்சந்திரனோடு சேர்ந்து 1932-இல் அட்டவணை போட்ட கிரேவ்லியும், சென்னைக் கடற்கரையில் கிடைத்த கிளிஞ்சல்களை விவரித்து எழுதிய கிரேவ்லியும் இதே ஆள்தான். நடராஜர் திருவாசியையும் சிலந்தியின் தாடைப் பல்லையும் ஒரே மேசையில் எண்ணியவர். ஷெரிஃப்ஸ் என்பவரும் 1919 தொடங்கித் தென்னிந்தியச் சிலந்திகளைத் தொடராக எழுதினார். விடுதலைக்குப் பின் திகாதர் வந்தார். இந்திய விலங்கியல் அளவீட்டுத் துறையின் தலைமைப் பொறுப்புவரை உயர்ந்த வங்காளி. 1980-இலும் 1982-இலும் இரு தொகுதிகள், 1987-இல் ஒரு கையேடு. அதுவரை போக்காக்கை நம்பியிருந்த கல்லூரி மாணவர்களுக்கு அந்தக் கையேடு பெரிய விடுதலை.

உச்சி வெயிலுக்குக் கீழ்ப்புத்துப்பட்டுக் கோயில் காடு நல்ல ஒதுங்கிடம். மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி வீரையும் காயாவும் அடர்ந்த, வறண்ட கடற்கரைக்கு உரிய பசுமைமாறாக் காடு. இந்த வகைக் காடு ஒருகாலத்தில் சோழமண்டலக் கரையோரம் நீளக் கிடந்தது. இப்போது பெரும்பாலும் சாமி பெயரால் வெட்டாமல் விட்ட துண்டுகளில்தான் மிச்சம். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர்கள் 1990-களில் இங்கே மரம் மரமாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். சிலந்திக்காரருக்கு வேலை மரத்தில் பாதி, தரையில் பாதி. சருகை அள்ளிச் சல்லடையில் போட்டு வெள்ளைத் தட்டின்மேல் சலித்தால், கடுகளவு சிலந்திகள் தட்டில் ஓடும். மரத்தண்டில் பட்டை நிறத்திலேயே பட்டையோடு ஒட்டி, பின்புறம் இரண்டு நீண்ட நூற்புக் குழல்களை வால்போல் நீட்டிக்கொண்டு இருப்பது ஹெர்சீலியா சவிக்ஞி. கையை அருகில் கொண்டுபோகும்வரை கண்ணுக்குத் தெரியாது. நெப்போலியனோடு எகிப்துக்குப் போன விலங்கியலாளர் சவிக்ஞியின் பெயர் அதற்கு. 1836-இல் லூக்கா வைத்தது. எகிப்துச் சிலந்திகளைப் படமாக வரைவித்துவிட்டு, கண் கெட்டுப்போய் எழுதி முடிக்க இயலாமல் போனவர் சவிக்ஞி. மற்றவர் கண்ணுக்கு எளிதில் படாத சிலந்திக்கு அவர் பெயர் அமைந்தது விதி.

ஐயனார் காட்டில் குடையும் சல்லடையுமாகப் போகிறவரிடம் யாராவது ஒரு பெரியவர் கேட்காமல் இருக்க மாட்டார், “என்ன தம்பி தேடுறீங்க?” என்று. சிலந்தி என்று சொன்னால் அடுத்த கேள்வி, “இதுக்குமா படிப்பு?” கேட்டுவிட்டு, அவரே எந்த மரத்துப் பொந்தில் பெரிசு இருக்கிறதென்று கை காட்டுவார். அப்படிக் காட்டிய கைகளுக்குச் சீட்டில் இடம் இருந்ததில்லை.

இருந்த ஒரு சம்பவம் வடஇலங்கையில் உண்டு. 2009-இல், போர் முடிந்த கையோடு, மாங்குளத்தில் ஊர்க்காரர் ஒருவர் செத்துப்போன ஆண் சிலந்தியைக் கொண்டுவந்து ஆய்வுக் குழுவிடம் காட்டினார். தேடிப் போனவர்களுக்குப் பழைய மரங்களிலும் மாங்குளம் மருத்துவமனையின் பழைய மருத்துவர் விடுதியிலும் அதே வகை கிடைத்தது. முகத்தளவு அகலம் கால் விரிக்கும் மரத்தாவி. ஆபத்தான அந்த வட்டாரத்தில் தங்களோடு அலைந்து திரிந்து உதவிய காவல் ஆய்வாளர் ராஜகுமார் பூராஜாவின் பெயரால், போயசிலோதீரியா ராஜையி என்று பெயர் சூட்டினார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் இராமேஸ்வரத்தில் இன்னொன்று, ஹனுமவிலாசுமிகா. 2004-இல் விவரித்தவர் ஆண்ட்ரூ ஸ்மித். கோயில் வனத்தில் கிடைத்ததால் ஹனுமவிலாசம் கோயிலின் பெயரே சிலந்தியின் பெயராயிற்று. இங்கே சீட்டும் பெயரும் ஒன்றாகிவிட்டன. தீவின் புளியந்தோப்புகளில் பழைய மரங்களின் பொந்தில் வாழும் அதையும் அழிவின் விளிம்பில் வைத்திருக்கிறார்கள். ஒரு புளியமரம் விழுந்தால் ஒரு தெருவே போன மாதிரி.

வயலுக்குப் போக மாலை நாலு மணி சரி. வரப்போரம் நீர்மேல் சாய்ந்த நெல் தாள்களில், உடம்பையும் கால்களையும் ஒரே கோடாக நீட்டிப் படுத்திருப்பவை நீள்தாடைச் சிலந்திகள். தூருக்கடியில் ஓடுவது பர்தோசா என்ற ஓநாய்ச் சிலந்தி. நெல் தூரில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சி, வட்டம் வட்டமாக வயலைக் கருக வைக்கும் புகையானை விவசாயிக்குத் தெரியும். அந்தப் புகையானைத் தின்று தீர்ப்பது இந்த ஓநாய்ச் சிலந்தி. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியதன் காரணம் மெல்லத்தான் புரிந்தது. மருந்தில் முதலில் சாவது சிலந்தி. மிஞ்சிய பூச்சிக்குக் காவலில்லாத வயல். அந்தப் பாடத்தை இந்தோனேசியா 1986-இல் சட்டமாக்கியது. நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை அதிபர் சுகார்த்தோவின் ஆணை ஒரே நாளில் தடுத்தது. நம் வேளாண் பல்கலைக்கழகமும் சிலந்தியை நன்மை செய்யும் பூச்சிகளோடு சேர்த்துத்தான் சொல்கிறது. அறிவியல் கணக்கில் சிலந்தி பூச்சியே இல்லை என்று திருத்த வருகிறவர்கள் வரப்பில் கொஞ்சம் நின்று பேசலாம்.

இருட்டிய பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதே வரப்புக்கு வந்தால் வேறு காட்சி. ஓநாய்ச் சிலந்தியின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. விளக்கொளி பட்டதும் வயல் முழுக்கப் பச்சைப் பொட்டுகள் மின்னும். பனித்துளியா கண்ணா என்று குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

அறைக்குத் திரும்பினால் உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கும். குப்பிகளை வரிசைப்படுத்தி நுண்ணோக்கியில் பார்த்தால் பிடித்ததில் பெரும்பகுதி குஞ்சுகள். பெரும்பாலான சிலந்திகளின் வகையைத் தீர்மானிப்பது ஆணின் உணர்கால் நுனியிலும் பெண்ணின் அடிவயிற்றிலும் உள்ள இனப்பெருக்க உறுப்புகள். அவை வளராத குஞ்சுக்குக் குடும்பப் பெயர்வரை சொல்லலாம், அதற்குமேல் போக முடியாது. உலகப் பட்டியலில் சிலந்தி வகைகள் 2022-இல் 50,000-ஐத் தாண்டின. இந்தியக் கணக்கு இரண்டாயிரம் அளவில் வரும். அதில் புதிது சேர்ப்பவர்கள் பலர் ஊர்க் கல்லூரிக்காரர்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இருந்த ஜான் காலெப், தேவரா திரு இருதயக் கல்லூரியில் இருந்த செபாஸ்டியன் போன்றோர் வளாகத்தையும் அக்கம்பக்கத்துக் காட்டையும் திரும்பத் திரும்பத் தேடியவர்கள். குப்பி வெளிநாட்டுக்குப் போகும் வழியும் மாறிவிட்டது. 2002-இல் வந்த பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் இங்கே பிடித்ததைக் கொண்டுபோக விரும்பினால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதன் தலைமையகம் இருப்பது சென்னையில். மாந்த்ரோன் இன்று வந்தால் கப்பலுக்கு முன் தரமணிக்குப் போக வேண்டியிருக்கும்.

சீட்டு எழுதும் நேரத்தில் குழல்விளக்குப் பக்கத்துச் சுவரில் கொசுவுக்காகக் காத்திருக்கும் தாவும் சிலந்தியைத் தேடிப் போகவே வேண்டாம், அதுவே வரும். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட அந்த ஆண் ப்ளெக்ஸிப்பஸ் பாய்குல்லி. சவிக்ஞியின் எகிப்துப் படங்களுக்கு விளக்கம் எழுத வந்த ஔதுவேன் 1826-இல் பெயரிட்டது, கப்பல் சரக்கோடு வெப்பநாடுகள் எங்கும் குடியேறியது. சீட்டில் இப்போது அட்சரேகை தீர்க்கரேகையும் சேர்ந்திருக்கிறது. பென்சிலால் எழுதுவது மட்டும் மாறவில்லை. காலாப்பட்டு, சவுக்குத் தோப்பு, மணல்மேட்டின் மேற்குச் சரிவு. காலாப்பட்டு, முந்திரி, முசுறுக் கூடு. கீழ்ப்புத்துப்பட்டு, ஐயனார் காடு, வீரை மரத்தடிச் சருகு. நாலாவது குப்பிக்குச் சீட்டு எழுதி முடிப்பதற்குள் சுவரில் இருந்தது கொசுவோடு குழல்விளக்குக்குப் பின்னால் மறைந்திருக்கும்.